சலிமுன் எந்தப் பக்கம்

குழி தயாராக இருந்தது. வடக்கு தெற்காக நீளம். அடியில் ஊறிய சேற்றின்மேல் மணல் கொட்டியிருந்தார்கள். கரையில் சந்தூக்கு இறக்கப்பட்டிருந்தது. அதற்குள் வெள்ளைத் துணியில் சலிமுன். தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை.

உடலை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். தலை வடக்கே இருந்தால் முகம் மேற்கே பார்க்கும். தெற்கே இருந்தால் கிழக்கே பார்க்கும். பரமாரிபோவின் ஜாவாக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர்களுடைய பாட்டன்மார் ஜாவாவில் மேற்கே பார்த்துத் தொழுதவர்கள். அங்கிருந்து மக்கா மேற்கே. கரும்பு வெட்டக் கப்பலேறி, பூமியின் மறுபக்கத்தில் சூரிநாமில் இறங்கிய பிறகும் மேற்கே பார்த்தே தொழுதார்கள். இங்கிருந்து மக்கா கிழக்கே இருக்கிறது என்று பிற்பாடு படித்தவர்கள் சொன்னார்கள். ஒரு பகுதியினர் திரும்பி நின்றார்கள். மற்றவர்கள் திரும்பவில்லை. மேற்குக்காரர், கிழக்குக்காரர் என்றே பேராகிவிட்டது. பள்ளிவாசல் வேறு, கல்யாணம் வேறு.

சலிமுன் மேற்குக்காரர். அவருடைய ஒரே மகள் சுமியாத்தி கிழக்குக்காரி.

"தெற்கே தலை வைங்கப்பா," என்றார் ரெஜோ. சுமியாத்தியின் தாய்மாமன். எண்பது வயது, கைத்தடி. கிழக்குப் பள்ளிவாசலில் முதல் வரிசை. "மச்சான் எப்பவோ திரும்பிட்டாரு. ஊருக்கே தெரியும். நான் கொடுத்த விரிப்புலதான் முப்பது வருஷமா தொழுதாரு."

மேற்குப் பக்கத்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "ஒரு நாள் திரும்பினாராம். அதுக்கு இன்னும் கணக்கா?" என்றார்.

ரெஜோ சுமியாத்தியைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. நிலம் அளக்கிறவ நீ. மக்கா எந்தப் பக்கம்?"

"கிழக்கே. கொஞ்சம் வடக்கு சாய்ஞ்சு."

"பிறகென்ன?"

"மக்கா எந்தப் பக்கம்னு இப்ப யாரும் கேக்கல மாமா. அப்பா எந்தப் பக்கம்னுதான் கேள்வி."

அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேர் வடக்கிலிருந்து நாலு பாகை விலகித் தோண்டியிருந்தார்கள். கண்ணுக்கே தெரிந்தது. அதை அவள் சொல்லவில்லை.

*

சலிமுன் ஒரு பள்ளிக்கூடத்தின் காவலாளி. மணியடிப்பார், புல் வெட்டுவார், அறுந்த செருப்பைக் கம்பி வைத்துக் கட்டித் தருவார். ஏப்ரலில் நகரத்தில் நான்கு மாலை நடை வரும். புதன் தொடங்கிச் சனி வரை, மாலை வெயில் தாழ்ந்ததும் பள்ளிகளும் சங்கங்களும் கூட்டம் கூட்டமாகப் பாட்டும் மேளமுமாக நடப்பார்கள். நான்கு நாளும் நடந்தவர்களுக்குப் பதக்கம். சலிமுனின் பள்ளியும் போகும். தண்ணீர் வண்டி அவருடையது. பழைய ரொட்டி வண்டிக்கு ஸ்கூட்டர் சக்கரம் மாட்டி அவரே செய்தது. இழுத்துக்கொண்டே ஒலிபெருக்கியில் பாடுவார். சுருதி சேராது. மகள் சுமிக்கு அவரால் ஏற்பட்ட அவமானம் அது ஒன்றுதான்.

முதல் நாள் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரே கேள்வி கேட்பார். "நீ என்ன சாப்பிட மாட்டே?"

என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார். ஒருத்தி பன்றி என்பாள், ஒருவன் மாடு என்பான். ஒரு வீட்டில் செவ்வாய்க்கிழமை கறி இல்லை. ஆற்று மேட்டுக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் குலத்துக்கு ஆமை ஆகாது. நகரத்து நடையில் ஆமைக்கு வேலையே இல்லை. ஆனாலும் அவர் தலையாட்டி மனதில் வைத்துக்கொள்வார். கிஸுன் என்ற இந்துப் பையன் யோசித்து, "பாகற்காய்," என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எதுக்குச் சிரிப்பு? அதுவும் ஒரு மதந்தான்," என்றார் சலிமுன். அந்த நான்கு நாளும் கிஸுனின் இலையில் பாகற்காய் விழவில்லை.

நடையில் உடுப்புக்கும் ஒரு முறை இருந்தது. பிசேசர் டீச்சர் கொண்டுவந்தது. நான்கு மாலைக்கு நான்கு இனத்தின் உடை. எல்லாப் பிள்ளைகளும் அதையே உடுத்த வேண்டும். யாருடைய உடையோ அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் மற்றவர்களுக்குக் கட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஜாவா உடை என்றால், சுமி முதல்நாளே ஒத்திகை பார்த்து, முப்பது இடுப்பில் சாரோங் சுற்றிக் கை ஓய்ந்துபோவாள்.

எர்வின் என்று ஒரு பையன். ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல் வீட்டுப் பிள்ளை. அவர்கள் சபைக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளி சூரியன் விழும்போது தொடங்கிச் சனி சூரியன் விழும்போது முடியும். அதற்குள் கூத்து, பாட்டு, நடை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை பாதி வழியில் அவன் அம்மா தெருமுனையில் நிற்பாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சனிக்கிழமை சூரியன் விழுந்த கையோடு ஏதாவது ஒரு முனையில் வந்து சேர்ந்துகொள்வான். அப்படி நடந்தால் பதக்கம் கிடையாது. அவனுக்குப் பால் டப்பா மூடியைத் தட்டி, ஆணியால் "மூன்று" என்று குத்தி, சலிமுன் ஒன்று செய்து கொடுத்தார்.

"நாலு நாள்ல ரெண்டு அரை போச்சு. மிச்சம் மூணு. கணக்கு சரிதானே?"

எர்வின் அதைச் சட்டையிலிருந்து கழற்றவே இல்லை.

*

சுமிக்குப் பத்து வயதான ஆண்டு, நோன்பு மாதமும் நடையும் சேர்ந்து வந்தன.

நோன்பு பிடிக்கும் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்று சில பெற்றோர் சொன்னார்கள். பிசேசர் டீச்சர் சலிமுனைக் கேட்டார்.

"முடியுமா சலிமுன்? வழியில மயங்கி விழுந்துட்டா?"

"விழுந்தா வண்டியில போட்டு இழுக்கிறேன் டீச்சர். சாயங்காலந்தானே நடக்கிறோம்? சூரியன் விழும்போது எங்கே இருக்கோமோ அங்கே நிப்போம். எல்லாரும் நிப்போம். அதுங்க நோன்பு திறக்கட்டும், மத்ததுங்க மூச்சு வாங்கட்டும்."

அப்படியே நடந்தது. வண்டியில் தாவெட் என்ற இளஞ்சிவப்புத் தேங்காய்ப்பால் பானம், பேரீச்சம்பழம், யாரோ ஒரு வீட்டின் பாரா வடை, யாரோ ஒரு வீட்டின் வறுத்த மரவள்ளி. நோன்பில்லாத பிள்ளைகளும் சூரியன் விழும்வரை தாவெட்டைத் தொடவில்லை. யாரும் சொல்லவில்லை. கிஸுன் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "இப்ப விழுந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நோன்பு திறந்ததும் தொழுகை. புல்தரையில் சலிமுன் மேற்கே பார்த்து நின்றார். சுமியும் இன்னும் மூன்று பெண்களும் கிழக்கே பார்த்து நின்றார்கள். அந்த மூவரும் இந்தியாவிலிருந்து வந்த வம்சம், இந்துஸ்தானி முஸ்லிம் வீட்டுப் பெண்கள். அவர்களில் மேற்குக்காரரே கிடையாது.

"அய்யய்யோ, தலை முட்டப் போகுது!" என்று கிஸுன் கத்தினான்.

முட்டாது. சுமிக்குத் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். ஒரே அறை. சலிமுன் கிழக்குச் சுவரோரம், சுமி மேற்குச் சுவரோரம். இருவரும் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தால் நடுவில் ஒரு முழம்கூட இராது. "ஆடு ரெண்டும் பார்த்து முட்டிக்குங்க," என்பாள் அம்மா துக்கினெம், அடுப்படியிலிருந்து. தொழுகை முடிவில் இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் ஸலாம் சொல்லி நிமிரும்போது சலிமுன் மகளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

சுமியைக் கிழக்குப் பள்ளிவாசலில் ஓத விட்டதே அவர்தான். அது பக்கத்துத் தெருவில் இருந்தது. நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

"நீங்க ஏன்ப்பா திரும்பல?" என்று அவள் ஒருமுறை கேட்டிருந்தாள்.

"எங்கப்பா மேற்கே பார்த்துப் படுத்திருக்காரு. நான் திரும்பினா அவருக்கு முதுகைக் காட்டின மாதிரி ஆயிரும்."

"நான் கிழக்கே பார்க்கிறேனே?"

"நீ என்னைப் பார்க்கிறே. அது போதும்."

*

வெள்ளிக்கிழமை மழை. எர்வின் அம்மா குடையோடு வந்து அவனை அழைத்துப்போன கொஞ்ச நேரத்தில் கொட்டத் தொடங்கியது. முப்பது சாரோங்கும் காலில் ஒட்டிக்கொண்டன. பாதை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. மொராவியத் தேவாலயம் ஒன்றின் கூடத்தைக் கோவில்காரர் திறந்துவிட்டார். பிள்ளைகள் முன்வாசல் வழியாக ஓடினார்கள். சலிமுன் வண்டியோடு மழையில் சுற்றிக்கொண்டு வந்து, தெரியாமல் பின்வாசல் வழியாக நுழைந்தார். இரண்டு வாசலும் ஒரே மாதிரி. வானம் சாம்பல்.

தாவெட்டை ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தானும் குடித்துவிட்டு, நேரமாகிறதே என்று அவசரமாக விரிப்பைப் போட்டு நின்றார். தான் நுழைந்த வாசலைத் தெருவாசல் என்று கணக்கு வைத்தார். அந்தக் கணக்கில் மேற்கு முன்னால் இருந்தது.

அவர் தொழத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் நாலுபேரும் கை கழுவி வந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் வீடு அந்தத் தேவாலயத்துக்குப் பின்தெரு. திசை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். நால்வரும் சரியாகக் கிழக்கே பார்த்து வரிசையாக நின்றார்கள். அவருக்குப் பின்னால்.

சுமி அப்பாவின் முதுகை அப்போதுதான் தொழுகையில் பார்த்தாள். நனைந்த சட்டை, குனியும்போது குதிகாலில் ஒரு வெடிப்பு. முகம் இல்லை. முடித்து நிமிர்ந்தபோது கண் சிமிட்டவும் ஆள் இல்லை.

சலிமுன் தலையைத் திருப்பி ஸலாம் சொன்னபோதுதான் பின்னால் வரிசையைக் கண்டார்.

"என்னம்மா, நீங்க இந்தப் பக்கம் நிக்கிறீங்க? திசை மாறிட்டீங்களே."

"இல்ல மாமா," என்றாள் பின்தெருப் பெண். "இது கிழக்குதான். எங்க வீடு அதோ."

சலிமுன் ஒரு வாசலைப் பார்த்தார். மறுவாசலைப் பார்த்தார். விரிப்பைச் சுருட்டினார். துணைக்கு வந்திருந்த ஒரு தாய் கிழக்குப் பள்ளிவாசல்காரி. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

*

விடிவதற்குள் அவர்கள் பேட்டையான பிளவ்க்ரொண்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. சலிமுன் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை ரெஜோ வந்தார். கையில் பச்சை விரிப்பு, மக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்தது. வாசலிலேயே சலிமுனைக் கட்டிக்கொண்டார்.

"மச்சான்! எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தேன். எத்தனை வருஷம்!"

"ரெஜோ, அது வந்து…"

"பேசாதீங்க. ஒண்ணும் பேசாதீங்க." ரெஜோ அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, விரிப்பை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார்.

புகையிலை வாங்கக் கடைக்குப் போனால் மேற்குக் கூட்டாளிகள். "என்ன சலிமுன், கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றார் ஒருவர். "மழையில காத்தாடி திரும்பும்னு தெரியும், ஆளும் திரும்புமா?" என்றார் இன்னொருவர்.

சலிமுன் புகையிலை வாங்காமல் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் சுமி சாரோங்குகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். உள்ளே பேச்சு கேட்டது.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே," என்றாள் துக்கினெம். "வாசல் தெரியாம நின்னேன்னு."

"உன் தம்பி அழுதுட்டு நிக்கிறான். எப்படிச் சொல்றது?"

"நாளைக்குச் சொல்லுங்க."

"அவனை விடு. சுமி? அவளுக்காகத்தான் திரும்பினேன்னு நினைச்சுச் சந்தோஷமா இருப்பா. அதைப் போய் எப்படிக் கெடுக்கிறது? இன்னைக்குச் சாயங்காலம் எல்லாப் பிள்ளைங்களும் பார்த்துக்கிட்டு நிக்கும்."

"அப்ப எந்தப் பக்கம் நிப்பீங்க?"

சுமி ஒரு சாரோங்கை இரண்டு முறை பிழிந்தாள்.

*

அன்று மாலை வழியெல்லாம் கிஸுன் பந்தயம் பிடித்தான். புளி உருண்டைதான் பணம்.

"மேற்குன்னா ரெண்டு. கிழக்குன்னா ஒண்ணு. யாரு, யாரு?"

"தொழுகையில பந்தயமா கிஸுன்?" என்று பிசேசர் டீச்சர் காதைத் திருகினார்.

"தொழுகையில இல்ல டீச்சர். மாமா மேல."

சலிமுன் அன்று பாடவில்லை. ஒலிபெருக்கி வண்டியில் கிடந்தது. வானம் மூடியே இருந்தது. மழை மட்டும் இல்லை. சூரியன் விழும் நேரத்துக்கு ஒரு மைதானத்தின் ஓரம் கூட்டம் நின்றது. பக்கத்துத் தெருவிலிருந்து எர்வின் ஓடிவந்தான். வெள்ளை ஓய்வுநாள் சட்டைமேல் தகர மூடி. அன்று ஆற்று மேட்டுக் கிராமத்து மரூன் இனத்தின் உடை. ஆற்று மேட்டுப் பெண் ஓடிப்போய் அவன் தோளில் கோடுபோட்ட துணியைக் கட்டிவிட்டாள்.

"முடிஞ்சிருச்சு!" என்றான் மூச்சிரைக்க. "ஜன்னல்லயே உக்காந்திருந்தேன். மேகத்துக்குப் பின்னால இப்பத்தான் விழுந்துச்சு."

பிள்ளைகள் நோன்பு திறந்தார்கள். எர்வினும் அவர்களோடு ஒரு பேரீச்சம்பழம் தின்றான். பிறகு சத்தம் தானாகக் குறைந்தது.

சலிமுன் பச்சை விரிப்பைத் தோளில் போட்டபடி நின்றார். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரிப்பைக் கையில் எடுத்தார். மறுபடி தோளில் போட்டார்.

சுமி அவர் அருகே போனாள்.

"அப்பா."

"என்னடா?"

"நேத்து உங்க முதுகுதான் தெரிஞ்சுது."

அவர் குனிந்து பார்த்தார்.

"முகமே தெரியல. கண்ணும் சிமிட்டல. நீங்க பழைய பக்கமே நில்லுங்க. எதிர்ப் பக்கம்."

"அப்ப நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டியா?"

"நீங்க ஒலிபெருக்கியில பாடாம இருந்தா போதும்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். வானம் எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல்.

"அதெல்லாம் சரி. இன்னைக்கும் எனக்கு வாசல் மாறிடக் கூடாது. மேற்கு எதுடா?"

எர்வின் கையை நீட்டினான். "அதோ மாமா. நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே."

பின்தெருப் பெண்ணும் நீட்டினாள். ஆற்று மேட்டுப் பெண் நீட்டினாள். அப்புறம் எல்லாரும். முப்பது கைகள் ஒரே பக்கம் நீண்டு நின்றன. பிசேசர் டீச்சரும் யோசிக்காமல் கையைத் தூக்கினார். கிஸுன் ஒரு கையில் புளி உருண்டைகளைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினான்.

சலிமுன் ரெஜோ கொடுத்த விரிப்பை மேற்கே பார்த்து விரித்தார். சுமி ஓடிப்போய் எதிரே தன் விரிப்பைப் போட்டாள். கடைசியில் நிமிர்ந்தபோது அவர் கண்ணைச் சிமிட்டினார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. நேற்றைக்கும் சேர்த்து.

திரும்பி வரும் வழியில் பாடினார். சுமி காதைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

ரெஜோவிடம் அவர் பிறகும் சொல்லவில்லை. எந்தப் பள்ளிவாசலுக்கும் போகாமல் வீட்டிலேயே தொழுதார். கேட்டால், "விரிப்பு நல்ல மெத்துன்னு இருக்கு மச்சான்," என்பார். அது பொய் இல்லை.

*

"யாரு பார்த்தது?" ரெஜோ கைத்தடியை ஊன்றிக் கேட்டார். சுமியாத்தி எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லி முடித்திருந்தாள். "அறைக்குள்ள அப்பனும் மகளும் எப்படித் தொழுதீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மைதானத்துல பார்த்தவன் எவன்?"

"நான் பார்த்தேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து எர்வின் வந்தான். இப்போது பஸ் ஓட்டுகிறான். தொப்பை, நரைத்த தாடி. பஸ்ஸை இடுகாட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் சட்டையோடே வந்திருந்தான். சட்டைப் பையில் தகர மூடி எதுவும் இல்லை. சுமியாத்தி அங்கே பார்த்தாள், பிறகு பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அவன் கையை நீட்டினான். மேற்கே.

"நானும்," என்றது ஒரு குரல். கிஸுன். மருந்துக்கடைக்காரன். கோட்டும் கண்ணாடியுமாக வந்திருந்தான். அவன் கையும் நீண்டது. வேலியோரம் குடைபிடித்து நின்ற ஒரு பெண்மணி குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு கையைத் தூக்கினாள். ஆற்று மேட்டுப் பெண் அது.

ரெஜோ மூன்று கைகளையும் பார்த்தார். பிறகு சந்தூக்கைப் பார்த்தார்.

"அப்ப என் விரிப்பு?"

"அதுலதான் மாமா. கடைசி வரைக்கும். மேற்கே பார்த்து."

கிழவர் திட்டப்போகிறார் என்று நினைத்தார்கள். "முப்பது வருஷம்," என்றார். "முப்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்கான் பாரு, திருட்டுப் பய. நான் அழுதேன்னு சொல்லாம இருந்திருக்கான்." கைத்தடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். குனிந்து சந்தூக்கின் தலைமாட்டைப் பிடித்தார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? திருப்புங்க. வடக்கே தலை."

திருப்பினார்கள். இறக்கினார்கள். வலப்பக்கம் ஒருக்களித்து, முதுகுக்கு மண்ணுருண்டை அண்டை கொடுத்து, கன்னத்துத் துணியை விலக்கினார்கள். முகம் மேற்கே பார்த்தது. நாலு பாகை விலகல்தான். பரவாயில்லை.

துஆ ஓத எல்லாரும் இடம் பிடித்து நின்றார்கள். சுமியாத்தி குழியைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனாள். கிழக்கே திரும்பி, அப்பாவுக்கு எதிரே நின்றாள்.